ஆறு பென் டிரைவும் ஒரு வொஷிங் மெஷினும்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்த காலம் முழுக்க எந்தக் கடிதத்துக்கும் மூன்று பிரதி. ஒன்று கொழும்புக்கு, ஒன்று துரைக்கு, ஒன்று இரும்பு அலுமாரிக்கு. ஓய்வு பெற்று அப்புத்தளையில் குடியேறி, வீட்டு வரவுசெலவைக் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கியபோது மூன்று போதாது என்று பட்டது. காகிதமாவது கிழிந்தால் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லாமல் சாகிற சாமான். ஆகவே ஆறு பென் டிரைவ் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ராகு காலத்துக்கு முன்னால் ஆறிலும் பிரதி எடுப்பேன். இரண்டு, அலுமாரியில். இரண்டு, பனி ஈரம் ஏறாமலிருக்க அரிசி வாளிக்குள். ஒன்று சட்டைப் பையில். ஒன்று சாமி படத்துக்குப் பின்னால். அதற்கு மனைவி குங்குமமும் வைத்திருந்தாள். அரிசி வாளிக்குத்தான் அவளிடம் ஆட்சேபம்.

"சோத்துல பல்லு ஒடஞ்சா நா பொறுப்பில்லீங்க."

பிரதி எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன். ஆறிலும் கணக்கு வரும். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்தக் கணக்கு வீட்டில் முக்கியமாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது. மனைவி வொஷிங் மெஷின் கேட்டால், முடியாது என்று சொல்ல. எங்கள் ஊர்ப் பனியில் கையால் பிழிந்த பெட்ஷீட் நாலு நாளானாலும் காயாது. அவளுக்கு மணிக்கட்டு வலி வேறு. கேட்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் திறந்து, மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் காட்டுவேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

சித்திரை இடியில் கம்ப்யூட்டர் போனது. உள்ளே இருந்த எதுவும் மீளாது என்றார் பதுளைக் கம்ப்யூட்டர் கடைக்காரர். நான் கவலைப்படவில்லை. ஆயுளில் நான் கவலைப்படாத ஒரே நாள் அதுதான்.

அந்த வாரமே மனைவி மறுபடி மெஷின் பேச்சை எடுத்தாள். கணக்கைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன்.

"வாங்க, பாப்போம். இல்லைங்கிறத நானும் நேர்ல பாக்கணும்."

பக்கத்து வீட்டு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரும் அதே மென்பொருளில்தான் கணக்கு எழுதுகிறார். ஆறையும் கொண்டுபோய் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார்.

"இதில கணக்கு ஒண்டும் இல்லை. கணக்கைத் திறக்கிற ஷோர்ட்கட் மட்டும்தான் கிடக்கு."

"வாராவாரம் பாத்தேனே மாஸ்டர். ஆறும் தொறந்துச்சே."

"உங்கட கம்ப்யூட்டரில திறக்கும். கணக்கு அதுக்குள்ளதானே இருந்தது? நீங்கள் கேற்றில கிடந்த பெயர்ப்பலகையை ஆறு கொப்பி எடுத்து வச்சிருக்கிறியள். வீடு எரிஞ்சு போச்சு."

"சாமிக்குப் பின்னால இருந்ததப் போட்டீங்களா?" என்றாள் மனைவி.

போட்டார். குங்குமம் பூசிய பெயர்ப்பலகை.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"பேங்க் பொத்தகத்துல காசு இருக்கு. இல்லைன்னு சொன்னது உங்க கம்ப்யூட்டரு மட்டுந்தான். இப்ப அதுவும் ஒண்ணும் சொல்லலையே."

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் காட்ட ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மெஷின் பதுளையிலிருந்து லொறியில் வந்தது. பெட்ஷீட் மறுநாளே காய்ந்தது. அதை நான் மறைக்கவில்லை. பழுது பார்த்து வந்த கம்ப்யூட்டரில் கணக்கைப் புதிதாகத் தொடங்கினேன். முதல் செலவு, மெஷினின் விலை.

இம்முறை ஷோர்ட்கட்டை அல்ல, கணக்கையே பிரதி எடுத்தேன். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால்தானே உறுதி? மாஸ்டர் வீட்டுக்கே கொண்டுபோனேன். செருகியதும் முதல் வரி பளிச்சென்று வந்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி, அவர் தோளுக்கு மேலால் அதை வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, இவையள் மெஷின் வாங்கிட்டினம். எங்கட கணக்கையும் ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்."

மாஸ்டர் பென் டிரைவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பிரதி சரியா இருக்கு," என்றார். "இனி உங்கட வீட்டிலேயே பாருங்கோ."