என் பெட்டியில் பதினெட்டு வருடம் கிடந்த பாட்டில்

குமாசி மத்திய சந்தையில் எனாமல் பாத்திரம் என்றால் டுஃபி. இதை நான் சொல்லவில்லை, சந்தை சொல்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தலையில் தண்ணீர்ப் பானை வைத்து விற்றவள். இன்று எனக்கு இரண்டு கடை, மாடி வைத்த வீடு. நான் உள்ளே போனால் வங்கி மேனேஜர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

ஆனால் இது என் கதை இல்லை. அதற்கு ஒரு புத்தகம் போதாது. இது அஜோவா பிராகோவின் கதை. அவள் எழுதமாட்டாள், அடுப்பை விட்டு எழுந்திருக்க அவளுக்கு நேரமில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

லாரி நிலையத்தில் தண்ணீர் விற்ற காலத்தில் எனக்குப் பதினான்கு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. தொண்டை கிழியக் கத்தி விற்பேன் நான். அவள் சும்மா நின்று சிரிப்பாள். அவள் பானைதான் முதலில் காலியாகும். ஒரு நாள் காதைப் பிடித்துத் திருகி, "இந்தப் பக்கம் என்னோடது, அந்தப் பக்கம் போய்ச் சிரி" என்றேன். மறுநாள் சுட்ட வாழைக்காயும் வறுத்த கடலையுமாக வந்தாள். வாழைக்காயை இரண்டாக முறித்து, பெரிய பாதியை என் கையில் வைத்தாள். அன்று தொடங்கியது. எங்களில் யார் கையில் எது கிடைத்தாலும் பாதி மற்றவளுக்கு.

இருபது வயதில் அசாஃபோ பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டாள். முதல் பாத்திரங்கள் நான் கொடுத்தவை. வெள்ளையில் நீலப்பூப் போட்டவை, என்னிடம் இருந்ததிலேயே ஒசத்தி. இரண்டு தடியன்கள் வேகவைத்த கிழங்கை ஃபுஃபுக் களியாக இடிப்பார்கள், இவள் குனிந்து உரலுக்குள் கை விட்டுப் புரட்டிப் போடுவாள். உலக்கை ஒரு நாளும் அவள் விரலில் பட்டதில்லை. சாற்றைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, யாராவது ஒருவர் பெயரைச் சொல்வாள். "இது டுஃபி அக்காவுக்கு. இன்னும் கொஞ்சம் மிளகாய் போடணும், அவ வாய்க்கு இது பத்தாது."

இருபத்தேழு வயதில் அவள் சொன்ன பெயர் யாவ் பாரிமா. மரக்கட்டை லாரி ஓட்டுபவன், டெச்சிமான் ஊர்க்காரன். மற்ற டிரைவர்கள் லாரி முகப்பில் கடவுளையோ பொறுமையையோ எழுதுவார்கள். இவன் பெரிய மஞ்சள் எழுத்தில் 'அஜோவா' என்று எழுதிக்கொண்டு நிலையத்துக்குள் நுழைந்தான். அப்படி நுழைந்தால் எந்தப் பெண் மசியமாட்டாள்? அவன் வீட்டார் பெண் கேட்டு வந்து கதவைத் தட்டினார்கள், தலை மது கொடுத்தார்கள், பிராகோவின் மாமாக்கள் வாங்கினார்கள். எங்களுக்குக் கல்யாணம் என்றால் அந்த ஜின் பாட்டில்தான். அதை வாங்கிக்கொண்டால் பெண் அவர்கள் மனைவி. திருப்பிக் கொடுத்து, அவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டால்தான் அவள் விடுபட்டவள். இடையில் கணவன் எங்கே போனாலும், எத்தனை வருடம் போனாலும், பாட்டில் திரும்பாதவரை அவள் அவன் மனைவி.

ஏழு வருடம் ஓடியது. பிள்ளை இல்லை. பாரிமா எல்லை தாண்டி அபிஜானுக்கு மரம் ஏற்றப் போனவன் மாதக்கணக்கில் வராமல் இருக்க ஆரம்பித்தான். ஒரு நாள் லாரி வந்தது. நான்தான் முதலில் பார்த்து ஓடினேன்.

"பிராகோ, அந்த லாரியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பேரு மாறியிருக்குடி. செலஸ்தீன்னு போட்டிருக்கு."

"எனக்கும் படிக்கத் தெரியும் அக்கா. நாலாம் வகுப்பு. உன்னைவிட ஒண்ணு அதிகம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மஞ்சள் பெயரின் மேல் பச்சை பூசியிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் அடியில் 'அஜோவா' தெரிந்தது. ஒழுங்காகச் சுரண்டக்கூடச் சோம்பேறித்தனம் அந்தப் பயலுக்கு.

அவளுடைய பெரிய மாமா தலை மதுவைத் திருப்பிவிடுவது என்று முடிவு செய்தார். அவருக்குக் கால் வீக்கம். "டுஃபி, நீயும் இவளுக்கு அக்காதான். யாரையாவது சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு டெச்சிமான் போயிட்டு வா" என்றார். எனக்கு எதற்குச் சாட்சி? பாட்டிலை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு தனியாகப் போனேன்.

பாரிமாவின் அக்கா மான்சா அங்கே கிழங்குச் சந்தையில் பெரிய கை. மலை மலையாக வள்ளிக்கிழங்கு குவித்து அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் பாட்டிலை எடுத்ததும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு பாட்டிலைத் தூக்கிட்டு வர அந்தக் குடும்பத்துல ஆம்பளை யாரும் இல்லையா? பூவே விடாத மரத்தை வச்சுக்கிட்டு இவ்வளவு ரோஷமா?"

"உன் தம்பி லாரியில சக்கரத்தைவிடப் பொம்பளைங்க அதிகம்" என்றேன். நல்ல அடி என்றுதான் நினைத்தேன்.

"நீ அந்த எனாமல்காரிதானே? உன் பாத்திரம் மாதிரியே இருக்க. வெளியில பூ, உள்ளே தகரம், ரெண்டு மழைக்குத் துரு."

கிழங்குச் சந்தை முழுவதும் சிரித்தது. என் பிறப்பைத் திட்டியிருந்தால் பதில் இருந்தது. என் சரக்கைத் திட்டிவிட்டாள். வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிவிட்டேன்.

பெரிய மாமாவிடம், "வாங்கிக்கிட்டாங்க" என்றேன். பிராகோவிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். "அந்தக் கிழங்குக்காரி வாயை அடைச்சுட்டு வந்தேன். பேச்சே வரலை அவளுக்கு." பாட்டில் என் இரும்புப் பெட்டியின் அடியில், நல்ல துணிகளுக்குக் கீழே, பாச்சை உருண்டைகளோடு படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் யாரையாவது அனுப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். வாரம் வருடமாயிற்று. பெரிய மாமாவும் போய்ச் சேர்ந்தார். டெச்சிமானில் நான் ஜெயித்த கதையை அதற்குள் பாதி சந்தைக்குச் சொல்லியிருந்தேன்.

பதினெட்டு வருடம் கழித்து எக்கோ அய்கின்ஸ் வந்தான். கடலோரத்து ஃபாண்டேக்காரன், மனைவி இறந்தவன், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பிராகோவின் பெட்டியைச் சரி செய்ய வந்தவன் தினமும் சாப்பிட வந்தான். பெட்டி ஓடியது. இவன் போகவில்லை.

"ஃபாண்டேக்காரனாடி?" என்றேன். "சாப்பாட்டுக்கே சொத்தை அழிப்பானுங்களே."

"அழிக்கட்டுமே. என் கடையிலதானே அழிக்கிறான்."

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. புறங்கையில் சாறு விட்டு நக்கிப் பார்த்து அவன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் கதவைத் தட்ட வந்தார்கள். பிராகோ வீட்டுத் தலைமை இப்போது சின்ன மாமா. அய்கின்ஸின் அத்தை விசிறியை மடக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இந்தப் பொண்ணு தலைமேல வேற யாரோட மதுவாவது இருக்கா?"

"திருப்பியாச்சு. கொண்டுபோய்க் கொடுத்தவ இதோ இருக்கா" என்று சின்ன மாமா என்னைக் காட்டினார்.

"யாரு வாங்கிக்கிட்டாங்கம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிராகோ உள் அறைக் கதவோரம் புதுத் துணியில் நின்றிருந்தாள். "அவன் அக்கா மான்சா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். டெச்சிமான்ல எங்க பையன் ஒருத்தன் வேலையில இருக்கான். புதன்கிழமை அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்றேன். தப்பா நினைக்காதீங்க, கேட்டுக்கிட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி."

திங்கட்கிழமை காலை, கடைக்கு ஆள் வருமுன், பாட்டிலைக் கொண்டுபோய் பிராகோவின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் சாற்றைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"அப்போ நான் இன்னும் பாரிமா பொண்டாட்டியா?"

"ஆமா."

"இடையில அவன் செத்திருந்தா, நான் விதவையா ஒரு வருஷம் கறுப்பு கட்டியிருக்கணும்."

"ஆமாடி."

"மான்சா வாயை அடைச்சேன்னு சொன்னியே. அது?"

"அதுவும் பொய்தான்."

"அடிப்பாவி! அதை நினைச்சு நினைச்சுத்தானே அந்த வருஷமெல்லாம் சிரிச்சேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "அய்கின்ஸ் மீன்ல முள்ளை எடுத்துட்டு என் தட்டுல வைப்பான், தெரியுமா? இத்தனை வருஷம் ஊருக்கே சோறு போட்டேன். எனக்கு முள் எடுத்துப் போட ஒருத்தன் வந்தான். என்னை நீ உன் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்க."

அவள் கீழே வைத்த கரண்டியை எடுத்து, சாறு அடிப்பிடிக்காமல் நான் கிண்டினேன்.

"நாளைக்கு முதல் பஸ்" என்றாள். "சின்ன மாமாவும் வருவாரு. பாட்டிலை எடுத்துக்கோ, வாயையும் எடுத்துக்கோ. நான் சொன்னாத்தான் ரெண்டையும் திறக்கணும்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தாள். வழியில் ஒரு நிறுத்தத்தில் ரொட்டி வாங்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே பாதியைப் பிய்த்து என் மடியில் போட்டாள். சின்ன பாதி. ஆனால் போட்டாள்.

மான்சா கண்ணாடி போட்டிருந்தாள், மற்றபடி கிழங்கு மலையும் அவளும் அப்படியே இருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் பாரிமா. ஒரு கை மடியில் செத்துக் கிடந்தது. அபிஜானிலிருந்து வந்து மூன்று வருடமாம்.

சின்ன மாமா முறைப்படி வந்த விஷயத்தைச் சொன்னார். மான்சா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்போ இவ இன்னும் எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள். "நல்லதாப் போச்சு. தம்பிக்குக் கை விழுந்து கிடக்கு, பார்த்துக்க ஆள் இல்லை. அடுப்பு அதோ இருக்கு பிராகோ. பாட்டிலை எடுத்துக்கிட்டு இவங்க ஊருக்குப் போகட்டும்."

வாங்கமாட்டேன் என்று அவள் சொன்னால், வருடக்கணக்கில் இழுக்கலாம். பிராகோ அவளுக்குப் பதில் சொல்லாமல் பாரிமா முன்னால் போய் நின்றாள்.

"எப்படி இருக்க?"

"இருக்கேன். லாரி போச்சு."

"அதுல எழுதியிருந்த பேரு?"

"பச்சையும் போச்சு, மஞ்சளும் போச்சு. எல்லாத்தையும் மழை கழுவிடுச்சு." அக்கா பக்கம் திரும்பினான். "விடுக்கா அவளை. இவ்வளவு வருஷம் கழிச்சு இவ கையால சாப்பிட்டா எனக்குத் தொண்டையில இறங்காது."

மான்சா கிழங்கு ஒன்றில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"வாங்கிக்கறேன். ஆனா குமாசியிலேர்ந்து வர்ற லாரிக்காரனெல்லாம் ஒரு கதை சொல்றான். நீ என் வாயை அடைச்சியாமே? இங்கேயே நின்னு, சந்தைக்கே கேக்கற மாதிரி சொல்லு. அன்னைக்குப் பேச்சுல ஜெயிச்சது யாரு?"

நான் பிராகோவைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள். திற என்று.

"நீதான்" என்றேன்.

"கேக்கலை. குமாசியில உனக்கு ரொம்பச் சத்தம்னு கேள்விப்பட்டேன்."

பாட்டிலை பிராகோவிடம் கொடுத்துவிட்டுக் கிழங்கு மூட்டைமேல் ஏறி நின்றேன். தண்ணீர் விற்ற தொண்டையை வெளியே எடுத்தேன். "அன்னைக்கு ஜெயிச்சது மான்சா! தோத்தது நான், டுஃபி! ஊர்ல மாத்திச் சொன்னதும் நான்தான்!"

"பாத்திரத்தைப் பத்தியும் சொல்லு."

அது அதிகம். என் பாத்திரத்தில் சமைத்து மூன்று தலைமுறை சாப்பிட்டிருக்கிறது. கீழே பிராகோ பாட்டிலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி நிலையத்தில் வாழைக்காயை முறித்து நீட்டிய அதே கைகள்.

"துருப் பிடிக்கும்!" என்று கத்தினேன். "ஆனா ரெண்டு மழைக்கு இல்லை. மூணு மழைக்கு!"

சந்தை கொல்லென்று சிரித்தது. மான்சாவும் சிரித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பிராகோ சின்ன மாமாவிடம் கொடுத்த பாட்டிலை அவர் கையிலிருந்து முறைப்படி வாங்கினாள். நான்கு கிழங்குக்காரிகள் சாட்சி. திறந்து முன்னோர்களுக்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றினார்கள், ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். "என்னடி இது, பாச்சை உருண்டை வாசனை?" என்றாள் மான்சா. பாரிமாவுக்கு பிராகோவே கிளாஸைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். புதன்கிழமை அய்கின்ஸ் வீட்டுப் பையன் வந்து கேட்டபோது மான்சா எல்லாவற்றையும் சொன்னாளாம், மூட்டைமேல் நான் ஏறியது உட்பட.

அடுத்த மாதம் கல்யாணம். நூறு பேருக்கு நான் பாத்திரம் கொடுத்தேன், எல்லாம் புதிது, பூப்போட்டது. அய்கின்ஸ் வீட்டார் கொண்டுவந்த பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்ன மாமா வழக்கப்படி மூன்று முறை கேட்டார். "அஜோவா பிராகோ, இதை நாங்க வாங்கிக்கலாமா?"

முதல் முறை, "வாங்கிக்கோங்க" என்றாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"வாங்கிக்கோங்க மாமா" என்றாள். "ஆனா டுஃபி அக்கா கையில மட்டும் கொடுத்துடாதீங்க."