கியூபெக் நகரமும் கால் நோவும்

வழிகாட்டி என்றால் முன்னால் நடப்பவர் என்று நினைப்பீர்கள். எங்கள் தொழிலில் வழிகாட்டி என்பவர் பின்னால் நின்று "வாங்கோ, வாங்கோ, இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்று கத்துபவர்.

ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தக்காரரை நயாகராவுக்கு ஏற்றி இறக்கிக் களைத்த ரொறன்ரோவாசிகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். உங்களுக்கு ஒரு கார் நிறையச் சனம், எனக்கு ஒரு பஸ் நிறைய. கோடையில் நீண்ட வார இறுதி வந்தால் ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு கடைத்தொகுதி வாசலில் எங்கள் ஆட்களை ஏற்றி, கியூபெக் நகரத்தைக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து இறக்குவது என் வேலை. கனடாவுக்கு வந்த புதிதில் மொன்றியலில் இருந்தபடியால் எனக்குப் பிரெஞ்சு வரும். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் பஸ் முதலாளி குகன் அண்ணை என்னைப் பிடித்துப் போட்டார்.

பயணத்தின் இரண்டாம் நாள் காலை பழைய நகரத்துக்குள் நடை. மதில், கல் பதித்த வீதிகள், பெரிய தேவாலயம், போர் நடந்த வெளி எல்லாவற்றையும் கால்நடையாகவே சுற்றிக்காட்டித் தமிழில் கதை சொல்லுவேன். அது என்னுடைய யோசனை. முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். குகன் அண்ணைக்கோ அது பெரிய தலையிடி. போன கோடை தொடங்க முன்னமே அஜின்கோர்ட்டில் இருக்கும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, சனம் கால் நோகுது எண்டு போன் எடுத்து முறைப்படுது. இந்த முறையும் உந்தக் கதைதான் எண்டால், வாற வருஷம் நடையை வெட்டிப்போட்டு எல்லாரையும் ஒரு ஷொப்பிங் மோலில இறக்கிவிடுவன்."

கழுத்து முறி படி

பழைய நகரம் மேடு பள்ளமாக இரண்டு தட்டில் இருக்கிறது. மேல் தட்டிலிருந்து கீழே இறங்க ஒரு மரப்படி உண்டு. அதன் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'கழுத்து முறி படி' என்று வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டித்தனம் காட்டப் போய்ச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், முக்கால்வாசிப் பேர் பக்கத்தில் கம்பியில் இழுபட்டு ஏறி இறங்கும் வண்டியில்தான் இறங்குவோம் என்று அடம்பிடித்து, நீண்ட வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.

படியில் இறங்கிய சிலரில் ஒருவர் பூமணி அன்ரி. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் மகளோடு இருப்பவர். வெள்ளைச் சப்பாத்து, தோளில் ஒரு பை, அதற்குள் மூட்டுவலித் தைலம். பஸ்ஸில் ஏறும்போதே முழங்காலின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அன்றைக்கும் ஒவ்வொரு படியிலும் நின்று முனகி முனகித்தான் இறங்கினார். ஆனால் நான் கீழே போய்ப் பார்த்தால், எல்லோருக்கும் முதல் ஆளாய் அங்கே நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் சொன்னார்:

"உந்தப் படிக்குப் பேர் வைச்சவன் என்ர முழங்காலைப் பாத்திட்டுத்தான் வைச்சிருக்கிறான்."

கல்வீடு

கீழ்த் தட்டில் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழைமையான ஒரு கல்வீடு இருக்கிறது. அந்த வீட்டுக் கதை எனக்கு மனப்பாடம். தீ விபத்து, ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு, விறகு இல்லாத குளிர்காலம் எல்லாவற்றையும் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்யும் சிவா அங்கிள் மட்டும் கதையில் நிற்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து நிலத்தோடு இருந்த சின்ன யன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் போய் மறைந்தார்.

திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு யோசனை. ஆள் உருகிவிட்டார், வரலாறு வேலை செய்கிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு பஸ் முழுவதும் என்னை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றது. அவர் கேட்டது இதுதான்:

"எல்லாம் சரி பிள்ளை, பேஸ்மென்டை வாடகைக்கு விடத் தனி வாசல் இருக்கோ?"

கைப்பையில் சம்பல்

உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் சீஸும் குழம்பும் ஊற்றித் தருவது அந்த ஊரின் பெருமைக்குரிய சாப்பாடு. மத்தியானம் கடையில் அதைப் பரிமாறிய பெடியன் அப்பால் போனதும் மேசைக்கு மேசை கைப்பைகள் திறந்து மிளகாய்ச் சம்பல் வெளியே வந்தது. அவன் திரும்பி வரும்போது எல்லாத் தட்டும் சிவந்துபோய்க் கிடந்தது. சாப்பாட்டில் ஏதும் பிழையோ என்று அவன் பதறிக்கொண்டு கேட்க, நான் மொழிபெயர்க்க, பூமணி அன்ரி அவனைத் தேற்றினார்:

"பிழை ஒண்டும் இல்லை ராசா, ஆஸ்பத்திரியில தாற மாதிரி நல்லாச் செய்திருக்கிறியள்."

தோற்ற பக்கம்

நகரத்தின் ஓரத்தில் பெரிய புல்வெளி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்ட இடம். இரண்டு பக்கத்துத் தளபதிகளும் செத்தார்கள், பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், நகரம் கைமாறியது. இந்தக் கதையைச் சொல்லும்போது யாராவது ஒருவர் "நல்ல கிரிக்கெட் மைதானம்" என்று சொல்லாமல் விடமாட்டார். அன்றைக்கும் சொன்னார்கள். சிரித்து முடிந்தபிறகு, ரொறன்ரோவிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தோத்த ஆக்கள் பிறகு எங்கை போனவை?"

"ஒரு இடமும் போகேல்லை ஐயா. இஞ்சதான் இருக்கினம். காலமை எங்களுக்குக் கோப்பி தந்த பிள்ளையும் அவையின்ர ஆள்தான்" என்றேன்.

அவர் வீதிப் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வழமையாக இந்த இடத்தில் "வாங்கோ, வாங்கோ" என்று கத்துகிற நான் அன்றைக்குக் கத்தவில்லை. அழுகைதான் வந்தது. இதையெல்லாம் காட்டத்தானே இந்த நடை, இதை எந்த மோலில் போய்க் காட்டுவது என்று நினைத்துக்கொண்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"றோட்டில நில் எண்டுறதைக்கூடத் தங்கட பாஷையிலதான் எழுதி வைச்சிருக்கினம், என்ன பிள்ளை?"

வாசலில் சப்பாத்து

கோடையின் கடைசிப் பயணத்துக்குக் குகன் அண்ணையே வந்தார். நடை இருக்கிறதா, போகிறதா என்று நேரில் பார்த்து முடிவெடுக்கப் போகிறாராம். பளபளக்கும் புதுக் கறுப்புத் தோல் சப்பாத்தோடு வந்து நின்றதைப் பார்த்ததுமே, இதோடு கல் வீதியில் நடந்தால் நடை வெட்டுப்படும் என்று நினைத்தேன்.

தேவாலய வாசலில் நான் கட்டடக் கலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, முன்னால் நின்ற ஒருவர் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினார். ஒருவர் கழற்றினால் போதாதா? முழு பஸ்ஸும் கழற்றியது, குகன் அண்ணை உட்பட. எங்களுக்குப் பின்னால் வேறு ஏதோ நாட்டுச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்தது. வாசலில் கிடந்த சப்பாத்து வரிசையைப் பார்த்து, இதுதான் இங்கே சட்டமாக்கும் என்று அவர்களும் கழற்றிவிட்டார்கள். உள்ளே அத்தனை பேரும் வெறுங்காலோடும் காலுறையோடும் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். தேவாலயக் காவலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று விசாரித்தார். எங்கள் வழக்கம் இது என்று விளக்கினேன். குனிந்து தரையைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்:

"நாளைக்கும் இவர்களையே கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்குத் துடைக்கிற வேலை மிச்சம்."

மாறிப்போன சோடி

வெளியே வந்தால் குகன் அண்ணையின் புதுச் சப்பாத்தைக் காணவில்லை. எல்லோரும் போட்டுக்கொண்டு போனபிறகு மிஞ்சிக் கிடந்தது அதே கறுப்பில் ஒரு பழைய சோடி, அளவில் ஒன்று சின்னது. வேறு வழியில்லை, விரல்களை மடக்கி உள்ளே தள்ளினார். மீதி நடை முழுக்க நொண்டி நொண்டித்தான் வந்தார். கழுத்து முறி படியில் கைபிடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். புல்வெளிக் கதையைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நடைக்கு இன்றோடு காரியம் முடிந்தது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

பஸ்ஸுக்குள் ஏறித் தேடியபோதுதான், ஒரு மெலிந்த மனிதர் புதுச் சப்பாத்துக்குள் கால் ஆட ஆட உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இவ்வளவு தூரம் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறீர்களே, வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் அப்பாவியாகச் சொன்னார்:

"இல்லைப் பிள்ளை, நடந்து நடந்து கால் மெலிஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

பஸ்ஸில் ஒரு வாக்கெடுப்பு

திரும்பி வரும் வழியில் குகன் அண்ணை மைக்கை எடுத்தார். "வாற வருஷம் நடையோ, மோலோ?" என்று கேட்டதுதான் தாமதம், கால், முழங்கால், குதிக்கால், இடுப்பு என்று பஸ்ஸின் நாலு பக்கத்தாலும் முறைப்பாடு. நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது பின் சீற்றிலிருந்து பூமணி அன்ரி எழும்பினார். அந்தக் கோடையில் அவர் வருவது மூன்றாவது தடவை, இந்தத் தடவை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு.

"மோல் மார்க்கத்தில என்ர வீட்டுக்குப் பக்கத்திலயே கிடக்கு. அதுக்கு ஏன் தம்பி நான் விடிய எழும்பி இவ்வளவு தூரம் வாறன்?"

குகன் அண்ணை திகைத்துப் போனார். "அன்ரி, ஒவ்வொரு முறையும் போன் எடுத்துக் கால் நோகுது எண்டு முறைப்பட்டது நீங்கள்தானே?"

"ஓம், நோகுதுதான். நோகாமல் வீட்டை போனால், எங்கை போட்டு வாறாய் எண்டு சனம் கேக்கேக்க நான் என்னத்தைக் காட்டுறது?"

பஸ் முழுக்க "அதுதானே!" என்றது. குகன் அண்ணை மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நடை இருக்கிறதா, போகிறதா என்று என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மில்லிக்கனில் இறங்க வெளிக்கிடும்போது வீட்டிலிருந்து அவருக்குப் போன் வந்தது. வீங்கிய காலை முன் சீற்றில் தூக்கி வைத்துக்கொண்டு, படி, தேவாலயம், தோற்ற பக்கம் என்று நான் சொன்ன கதை முழுவதையும் சொந்தக் கதை மாதிரி மனைவிக்கு அவிழ்த்துவிட்டு, கடைசியில் சொன்னார்:

"இஞ்சேரும், கால் சொல்லி வேலையில்லாத நோ! வாற வருஷம் நீரும் வாரும், நடந்து பாக்க வேண்டிய இடம்."

எங்கள் சனத்தின் முறைப்பாடு உண்மையில் கைதட்டல்தான் என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முழுக் கோடை தேவைப்பட்டது, முதலாளிக்கு ஓர் அளவு சின்னச் சப்பாத்தே போதுமாக இருந்தது.