விளக்குத் தண்டில் நான் கட்டிய மைக்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதெல்லாம் சாக்கு. நான் செய்த தப்பைச் சொல்லப் போனால் என் வீட்டுக்காரரும் கூடவே தலைகுனிய வேண்டி வருமே என்ற பயம்தான் நிஜம்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் கோயில் மண்டபத்தில் பஜனை. அவர் அதில் புல்லாங்குழல். குத்தகை வயலில் பாடுபட்ட நேரம் போக அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு குறுவை அறுப்பில் மிஷின் கிளப்பிய தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்தது. மருந்தில் அடங்கியது, பழைய மூச்சு மட்டும் திரும்பவில்லை. ஆர்மோனியமும் டோலக்கும் சேர்ந்துகொண்டால் குழல் இருக்கிற இடமே தெரியாது. மைக் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "பெருமாளுக்கு என்ன காது மந்தமா?" என்பார்.

ஆர்மோனியம் வாசிப்பவர்தான் பஜனைக்குத் தலைவர். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மாப்ள, நீ ஏறிட்டியா எறங்கிட்டியான்னே தெரியலியே! கீபோர்டுல குழல் சத்தமே வருதாம். ஒண்ணு வாங்கிப் போட்டுருவமா?" எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அவர் இடம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. என் தம்பி மைக்செட் வாடகைக்கு விடுகிறவன்; பஜனைப் பாட்டுக்கும் அவன் செட்தான். அவனிடம் அழுதேன்.

"அத்தானுக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிருவாரு."

"தெரியாம செய்யேன்டா."

பஜனை விளக்குக்குப் பூச்சுற்றுவது என் வேலை. அவர் அந்த விளக்கை ஒட்டித்தான் உட்காருவார். தம்பி விரல்நுனி அளவு மைக் ஒன்று கொண்டுவந்தான். "வாய் வெக்கிற துளைகிட்ட வராம பாத்துக்கக்கா, காத்து பட்டா புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும். விரல் வெக்கிற பக்கமா கட்டு. நான் கொஞ்சமாத்தான் ஏத்துவேன். மைக்குன்னே தெரியக் கூடாது. அத்தானுக்குத் தெம்பு வந்திருச்சுன்னுதான் தெரியணும்."

தண்டில் மைக்கை வைத்துக் கதம்பத்தால் சுற்றினேன். அன்றைக்குக் குழல் எப்படிக் கேட்டது! பெண்கள் பக்கத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர்கூட ஆர்மோனியத்தைக் குறைத்துக்கொண்டு தலையாட்டினார். பெருமாளே, கோடி நமஸ்காரம் என்று நான் கண்ணை மூடினேன்.

பாட்டு முடிந்ததும் விளக்குப் பக்கம் சாய்ந்து அவர் ஏதோ முணுமுணுப்பது வழக்கம். இத்தனை வருஷம் உதடு அசைவதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

கோயிலுக்கு வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அவர் குரல் கேட்டது. "பெருமாளே, மூச்சு அடைக்குது. இவங்க எந்திரின்னு சொல்றதுக்குள்ள நானே எந்திரிச்சுப் போயிடுறேன். வீட்டுல அவகிட்ட சொல்ல மட்டும் தைரியம் குடு."

டோலக் நின்றது. தெருவிலிருந்து தன் குரலே வருவதைக் கேட்டு அவர் திகைத்தார். பூவை விலக்கிப் பார்த்தார். குழலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"எனக்கு மூச்சு இல்லன்னு ஊருக்கே சொல்லியாச்சா?" என்று வீட்டில் கேட்டார்.

"குழல் கேக்கட்டும்னுதாங்க…"

"பெருமாள்கிட்ட நான் பேசுறதுமா கேக்கணும்?"

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பவில்லை. கண்டக்டரே வாசலில் வந்து நின்றார்.

"என்ன, கீபோர்டு வாங்கியாச்சா?" என்றார் இவர்.

"அதை விடு மாப்ள. மைக்கு பூராவும் கழட்டியாச்சு. டோலக்குல துண்டைப் போட்டாச்சு. நீ வர்றியா, இல்ல ஆர்மோனியத்தை இங்க தூக்கிட்டு வரவா?"

"ரெண்டு பாட்டுதான் தாங்கும்."

"ரெண்டு போதும். மிச்சத்துக்கு நான் கத்துறேன், அது சனங்க தலையெழுத்து."

இவர் சட்டையை மாட்டினார். நான் பூக்கூடையை எடுத்தேன். "குடு இங்க. இன்னைக்கு விளக்குக்கு நானே சுத்திக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இன்றைக்கும் ரெண்டே பாட்டு வாசிக்கிறார். எல்லாரும் சத்தத்தை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள்.

ஆனால் பக்கத்து ஊர்களில் கதை வேறாகிவிட்டது. விளக்கிலிருந்து பெருமாளே பேசினாராம், அதில் இழுப்பு அடியோடு போய்விட்டதாம். போன மாதம் ஒரு பெண் இழுப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்த விளக்கு எண்ணெயை நெஞ்சுல தடவினா போதுமாங்க? மருந்தை நிறுத்திட்டேன்," என்றாள். முதலில் மருந்தைக் கொடு தாயி என்று கையைப் பிடித்துக் கெஞ்சி அனுப்பினேன். அன்றே அவரிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. மைக்கைக் கட்டினது நீதான்னும் சேத்து எழுது," என்றார்.

எழுதிவிட்டேன். பேசியது என் வீட்டுக்காரர். கேட்க வைத்தது மைக். ஊர்க்காரர்கள் மனசை இளக வைத்தது பெருமாள் என்று நான் நம்புகிறேன்; அது என் நம்பிக்கை மட்டும்தான். இதை நீங்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மைக்கை விட்டுவிடாதீர்கள், அவர் இன்னும் மருந்து சாப்பிடுகிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.