பத்து எண்ணிவிட்டுச் சொன்னது

ஒன்பது வயதில் நான் டாக்டர் வேலை பார்த்திருக்கிறேன். ஆட்டு டாக்டர். படிப்பு நாலாம் வகுப்பு, ஆஸ்பத்திரி எங்கள் வீட்டு டி.வி. மேசை. ஆரம்பத்தில் எனக்கும் அது சிரிப்பான சங்கதியாகத்தான் இருந்தது.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவிடம் ஐம்பது செம்மறிகள் வரை இருந்தன. சுற்றுப்பக்கத்தில் யாருடைய ஆடு தீனி எடுக்காவிட்டாலும் முதலில் நைனாவைத்தான் தேடி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே நாலு பேர் மடக்கிக்கொள்வார்கள். ஒருத்தர் தமிழில் ஆரம்பிப்பார், இன்னொருத்தர் தெலுங்கில் முடிப்பார். குட்டி பால் குடிக்கவில்லை, ஆடு நொண்டுகிறது, கழிச்சல் நிற்கவில்லை. நைனா எடுத்த எடுப்பில் பதில் சொல்லமாட்டார். "அசை போடுதா? புழுக்கை உருண்டையா போடுதா, சேறா போடுதா? நேத்து என்ன துன்னுச்சு?" என்று அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போவார். இத்தனையும் கேட்டுவிட்டுப் பாதி நேரம், "இது எனக்குத் தெரியாதுப்பா, மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போ" என்று முடித்துவிடுவார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாலு பேர் மரியாதையாகத் தேடி வந்து கேட்கும்போது தெரியாது என்று சொன்னால் மானம் போகாதா?

எனக்கோ தெரியாதது என்று எதுவும் கிடையாது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் எனக்குத்தான் பரிசு. அப்படி வந்த டிபன் பாக்ஸ்களில் அம்மா கடுகும் சீரகமும் கொட்டி வைத்திருந்தாள். காதில் விழுந்தது அப்படியே ஒட்டிக்கொள்ளும். நைனாவின் பதில்களையும் வசனம் மாதிரியே ஒப்பிப்பேன். பனி காயும் முன் ஆட்டை மேய்ச்சலுக்கு விடாதே. முதல் மழைக்கு முளைத்த புல்லை வயிறு முட்டத் தின்னவிடாதே. பிறந்த குட்டிக்குச் சுருக்காகச் சீம்பால் கொடு. வயிறு உப்பினால் கடலை எண்ணெய்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு செல்போன் வந்தது. பட்டன் போன். முதல் போனை நைனா கழனிக் கிணற்றில் போட்டுவிட்டார். அடுத்தது வாங்கியதிலிருந்து, மேய்ச்சலுக்குப் போகும்போது அதை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போவார். அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கழனி வேலைக்குப் போய்விடுவாள். யார் போன் பண்ணினாலும் பேரை நோட்டில் எழுதி வைக்க வேண்டும், சாயந்தரம் நைனா திருப்பிப் பேசுவார். தசரா லீவில் எனக்குக் கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான்.

முதல் நாளே ஒருத்தர் பேசினார். நேற்றுப் பிறந்த குட்டி காம்பைப் பிடிக்கவில்லையாம். இதற்கு நைனா சொல்லும் பதில் எனக்கு அத்துப்படி. ஆனால் நாலாங்கிளாஸ் பெண் சொன்னால் யார் கேட்பார்கள்? போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "நைனா" என்று காலி வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் யோசிக்கிற நேரத்துக்குப் பத்து எண்ணினேன். பிறகு போனை எடுத்து, "தாய் ஆட்டைப் புடிச்சிக்கினு, காம்புல ரெண்டு சொட்டு பீச்சி, குட்டி வாய்ல தடவணுமாம்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயில் வாசலில் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்ன மாதிரியே பண்ணேன், குட்டி பிழைச்சிக்கினுச்சு என்றார். எப்போது சொன்னோம் என்று நைனா தலையைச் சொறிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரத்துக்குள் நோட்டில் பேர் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். நைனாவுக்கு ஒரே தங்கை. மூன்று ஊர் தள்ளிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்கைக்கு அண்ணன் ஒரு பெட்டை ஆடு கொடுப்பான். அதன் குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளும் அவளுக்கே சொந்தம், புருஷன் வீட்டார் அதில் வாயைத் திறக்கக் கூடாது. நைனா பட்டியிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு செவலை ஆட்டைக் கொடுத்திருந்தார். அது முதல் சினையாக இருந்தது. அத்தை அந்த முதல் குட்டியை, விளைந்ததைக் கோயிலில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். அவள் புகுந்த வீட்டில் நெல்லானாலும் காய்கறியானாலும் மாமியார் கையால்தான் கோயிலுக்குப் போகும். தன் கையால் கொண்டுபோய் நிறுத்த அத்தைக்கு இருந்தது அந்தக் குட்டி ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே பேசிக்கொண்டிருப்பாள்.

அத்தையிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டில் வாங்கிப் பகலில் பேசுவாள். அன்றைக்குப் பேசியபோது நான் டி.வி.யில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், மழையில் நனைந்த கடலைக்கொடியை ஒரு கட்டு தின்றுவிட்டதாம். வயிறு உப்பிவிட்டதாம். நான் நைனாவைக் கூப்பிட்டேன், பத்து எண்ணினேன், கடலை எண்ணெய் ஊற்றச் சொன்னேன். அதோடு அத்தை விட்டிருந்தால் தேவலை.

"எப்டி ஊத்தறது பாப்பா? சினை ஆடு, பயமா இருக்குது. நைனாவைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அதுதான் எனக்குத் தெரியாது. எண்ணெய் ஊற்றுவதை மட்டும் நைனா வாயால் சொல்லவே மாட்டார். ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் செய்து காட்டுவார். நான் பார்த்திருந்தால்தானே? நான் கேட்டதெல்லாம் சொற்கள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. மறுபடியும் பொத்திக்கொண்டு எண்ணினேன். தம்பிக்கு அம்மா விளக்கெண்ணெய் கொடுப்பது ஞாபகம் வந்தது. "தலையை நல்லா மேல தூக்கிப் புடிச்சி, சிந்தாம ஊத்தணுமாம்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் மறுபடியும் அத்தை. வயிறு வடிந்துவிட்டது, ஆனால் ஆடு இருமிக்கொண்டே இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, மூக்கில் நுரை வருகிறது என்றாள். "நைனாகிட்ட குடு, நான் பேசறேன்" என்றாள். நைனா இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்தவள் போனை அணைத்துவிட்டேன்.

சாயந்தரம் நைனா வந்து பார்த்து, சார்ஜ் இல்லைபோல என்று சொருகிவிட்டார். யாராவது பேசினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனதும் மறுபடியும் அணைத்தேன். தப்பாகச் சொன்னதைக்கூடப் பிள்ளைத்தனம் என்று மன்னிக்கலாம். அந்த இரண்டு பகல் போனை அணைத்து வைத்தேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருப்பார்.

அதற்கும் மறுநாள் காலையில் ஒரு பையன் பைக்கில் வந்து, ஆடு செத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். நைனா ஒன்றும் புரியாமல் என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம், நேற்றுகூட ஒரு சேதி வரவில்லையே, என்னவாக இருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை வீட்டுக்கு முன்னால் நல்ல சேறு. கால் கழுவ அத்தை என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அன்னைக்கு நைனா பக்கத்துலதானே இருந்தாரு பாப்பா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். அதோடு நிறுத்தினேனா? "சாப்ட்டுக்கினு இருந்தாரு" என்றேன்.

அத்தை சரி என்றாள். சுத்தமாகிவிட்ட காலில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

ஆட்டுக் கொட்டாய் பக்கம் போனபோது நைனா ஆட்டின் அருகே உட்கார்ந்து, மூக்கில் காய்ந்திருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஊத்துன என்று அத்தையைக் கேட்டார். அத்தை வெறுங்கையால் காற்றில் ஒரு ஆட்டுத் தலையைப் பிடித்து மேலே அண்ணாத்திக் காட்டினாள். நைனா கண்ணை மூடிக்கொண்டார். அவர் எப்படி ஊற்றுவார் என்பதை அதற்கப்புறம்தான் நான் கவனித்துப் பார்த்தேன். தலை நேராக இருக்கும், மூக்கு கண்ணைவிட மேலே போகாது, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விழுங்கவிடுவார், இருமினால் உடனே விட்டுவிடுவார். தலையைத் தூக்கினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும்.

மாமா ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, கண் சிவந்து வந்து நின்றார். சும்மாவே வாய் அதிகம். "என்னா எப்டி ஊத்துனன்னு கேக்கற? உன் வைத்தியம்தானே? தலையைத் தூக்கி ஊத்துன்னு நீதானே போன்ல சொன்ன?" என்றார்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, "ஆமா மச்சான். நான்தான் சொன்னேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

செத்த ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ரெண்டு குட்டி என்றார். அத்தை அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அன்றைக்கு மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கித் தின்றேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

அடுத்த வாரம் நைனா பட்டியிலிருந்து இன்னொரு சினை ஆட்டை நடத்திக்கொண்டு போனார். மாமா வாசலிலேயே நிறுத்தி, உங்க ஆடும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய டாக்டரு, கூடப் பொறந்தவ ஆட்டையே கொன்னுட்டாரு என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வருஷம் சுற்றுப்பக்கத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்திய அறுப்பின் பண்டிகையில் அத்தை மாமியார் எடுத்துக் கொடுத்த ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்து படைத்தாள். அதே பண்டிகையில் நான் ஒரு நீளமான சங்கீதத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தை கைதட்டினாள்.

நைனா போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் முடிந்துகொண்டு மேய்ச்சலுக்குப் போக ஆரம்பித்தார். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். போன் வருவதும் குறைந்தது. கோயில் வாசலில் அவரை மடக்குகிறவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தப்பித்தவறி யாராவது கேட்டால், என்னைக் கேக்காதப்பா என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார். நைனாவுக்கு வரவர சோம்பேறித்தனம் அதிகமாகிவிட்டது என்று நான் அம்மாவிடம் கோள் சொன்னேன்.

இப்போது திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தெரிந்ததைக்கூட எழுந்து போய் உள்ளே ஒரு தடவை கேட்டுவிட்டு வந்துதான் சொல்வேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு.

போன வருஷம் அத்தை கண் காட்டுவதற்காக வந்திருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது. அன்றைக்கு நைனா வீட்டிலேயே இல்லை அத்தை, நான்தான் சொன்னேன் என்றேன். இத்தனை வருஷம் கழித்து.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும். நீ எண்ணறது போன்ல கேட்டுக்கினேதான் இருந்துது. ஆறுக்கப்புறம் எட்டு சொன்ன. அண்ணன் வரத்துக்குள்ள வெளையாடிக்கினு இருக்கறன்னு நெனச்சிட்டேன். அப்புறம் போனு ஆஃப் ஆயே கெடந்தப்பதான் எனக்கு உறுத்துச்சு" என்றாள்.

பிறகு ஏன் மாமாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணனே தன் தலையில் போட்டுக்கொண்ட பிறகு அவனை நான் பொய்யன் ஆக்குவதா என்றாள்.

"என்னையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டேனே பாப்பா. குழாயாண்ட."

என் காலில் தண்ணீர் ஊற்றியபடி அவள் கேட்டபோது, அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது என்பதோ, மீதியை நானே சொல்லட்டும் என்றுதான் தனியாகக் கூட்டி வந்தாள் என்பதோ அப்போது எனக்குத் தெரியவில்லை. "சாப்ட்டுக்கினு இருந்தாரு" என்றேன். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.