செல்வி அக்கா பேரு எதுல ஏறும்?

லேசர் வாங்கறது ஈசி, அது எதுல எழுதும்னு கண்டுபிடிக்கறதுலதான் நம்ம ஆயுசே போகுது. ஆபீஸ் மீட்டிங்க மியூட்ல போட்டுட்டு டைப் பண்றேன், நடுவுல காணாம போனா கோச்சுக்காதீங்க.

என்னோடது தாம்பரத்துல வீட்டு பால்கனில வெச்சு ஓட்டற சின்ன டயோடு லேசர் மெஷின், நீல லைட்டால சுட்டு எழுத்து பொறிக்கும். கேட்டுக்குப் பேர் போர்டு வேணும்னு முதல் ஆர்டர் குடுத்தது எங்க மாடில குடியிருந்த செல்வி அக்கா. மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை பாத்து, லோன் போட்டு, மாடம்பாக்கத்துல வீடு கட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசம். அவங்க வீட்டுக்காரரோட அண்ணன், தன் தம்பி பேர மட்டும் போட்டு ஒரு ஸ்டீல் போர்டு கொண்டு வரேன்னு நிக்கறாரு. அது கேட்ல ஏறறதுக்குள்ள அக்கா பேரு ஏறியாகணும்.

எழுத்து எங்க போச்சு?

முதல்ல கண்ணாடி மாதிரி அக்ரிலிக் வாங்கினேன், பாக்கவே செம ரிச். அடில சப்போர்ட்டுக்கு அம்மாவோட சப்பாத்திப் பலகைய வெச்சு, முக்கா மணி நேரம் ஓட விட்டேன். எடுத்துப் பாத்தா அக்ரிலிக்ல ஒரு கீறல் கூட இல்ல. நீல லைட்டு அதுல ஜன்னல்ல வெயில் வர்ற மாதிரி தாண்டிப் போயிடும்னு எனக்கு யாரும் சொல்லல. உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

சாயங்காலம் மாவு தேய்க்க உக்காந்த அம்மா பலகையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் நிதானமா கேட்டாங்க: "ஏன்டி, நம்ம வீட்டு சப்பாத்திய எல்லாம் செல்வி பேர்ல எழுதி வெச்சுட்டியா?"

பச்சை நெருப்பு

அடுத்து ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு இன்டீரியர் கடை. கடைக்காரர் ஒரு போர்ட நீட்டி, "பிளாஸ்டிக்கே இல்லம்மா, மரத்தூள்ல செஞ்சது, மழைல ஊறாது"ன்னாரு. எனக்கு டவுட்டு. இந்த மாதிரி போர்டுல பிவிசி பிளாஸ்டிக் கலந்திருந்தா, லேசர்ல சுடும்போது விஷப்புகை வரும், நுரையீரலும் போச்சு, மெஷினும் போச்சு. அதைக் கண்டுபிடிக்கன்னே பேக்ல ஒரு செப்புக் கம்பி வெச்சிருக்கேன், பிவிசி பட்ட கம்பி நெருப்புல பச்சையா எரியும்.

பக்கத்து டீக்கடை அடுப்புல கம்பியக் காய வெச்சு, துண்டு போர்டுல தொட்டு, திரும்ப நெருப்புல காட்டினேன். நெருப்பு பச்சைப் பசேல்னு எரிஞ்சுது. பிவிசியேதான். உயிர் தப்பின சந்தோஷத்துல அங்கயே குதிச்சேன். கூடவே வந்து பாத்த போர்டு கடைக்காரர் அசரல: "டீ குடிக்கற இடத்துல தீபாவளி கொண்டாடிட்டு, போர்டு வாங்காம போறியேம்மா."

சிங்க்குக்கு வெட்டின கல்லு

வெள்ளிக்கிழமை. முடியலக்கான்னு சொல்லலாம்னுதான் மாடம்பாக்கம் போனேன். பின்பக்கம் ஒரு கருப்பு கிரானைட் துண்டு செவுத்துல சாஞ்சிருந்துச்சு. சமையல் மேடைல சிங்க் வைக்க வெட்டி எடுத்த துண்டு. பாலிஷ் போட்ட கருங்கல்லுல லேசர் பட்டா வெள்ளையா எழுத்து வரும்னு எங்கயோ படிச்சது டக்குனு ஞாபகம் வந்துச்சு. வண்டிய எடுத்துட்டுப் போய் மெஷினோட திரும்பி வந்தேன்.

மேஸ்திரி கல்ல அளவா வெட்டிக் குடுத்துட்டு, கைய கட்டிகினு நின்னாரு. நான் கண்ணுக்குப் பாதுகாப்பா கலர் கண்ணாடிய மாட்டிகிட்டு, அவர அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணேன். முடிஞ்சதும் தூசியத் துடைச்சேன். 'செல்வி' பளிச்சுனு நின்னுச்சு, கீழ அவங்க வீட்டுக்காரர் பேரு. மேஸ்திரி விரலால தடவிப் பாத்தாரு: "உளி இல்ல, சுத்தி இல்ல, இன்னாம்மா இது, கல்லுக்கு பச்சை குத்தி வுட்டுக்கீற?"

கேட்டுல

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரோட அண்ணன் பேப்பர் சுத்தின ஸ்டீல் போர்டோட வந்து, கேட் தூண் முன்னாடியே நின்னுட்டாரு. கல்லு ஏற்கனவே சிமெண்டுல உக்காந்துடுச்சு. அவர் ரெண்டு தடவ படிச்சாரு. செல்வி அக்கா பட்டுப் புடவைல வந்து பார்சல வாங்கிப் பிரிச்சு, ரொம்ப மரியாதையா சொன்னாங்க: "சூப்பரா இருக்கு மாமா, மோட்டார் ரூமுக்கு மாட்டிக்கலாம்."

அன்னிலேர்ந்து எந்த கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும், எல்லாரும் ஹால சுத்திப் பாக்கறப்ப நான் மட்டும் கொல்லப்பக்கம் குப்பைய கிளறிகிட்டு இருக்கேன்.