வலப்பக்கக் கம்பி

“அந்த மரப்படகா? அது ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் நொண்டும். நீ கரையில நின்னு கொடியப் புடிம்மா, அதுவே போதும்” என்றார் எங்கள் பாய்ப்படகுப் பயிற்சியாளர். கடலூர் உப்பனாற்றங்கரை. போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஓட்டம் அடுத்த ஞாயிறு. புதிய ஃபைபர் படகுகள் பையன்களுக்குப் போய்விட்டன. என்னுடன் பழைய படகை ஓட்டியவள் நிச்சயதார்த்தம் முடிந்ததும் வருவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொடி பிடிக்கவா சிதம்பரம் ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ் ஏறி வருகிறேன்?

பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். என் படகு ஒரு பக்கம் திரும்பினால் ஏறியது, மறுபக்கம் வழுக்கியது.

பாய்மரத்தைப் பக்கத்துக்கு ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். கம்பியின் அடியில், படகின் பக்கப் பலகையில் அடித்த, மேலும் கீழுமாக ஓட்டை போட்ட தகடு. இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையில் பின்னைச் செருக வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பாடம். நானும் அப்படியே செருகி, இரண்டையும் ஒரே அளவு இன்னும் இறுக்கினேன். வைக்கோல் பாரம் கட்டும் ஊர்க்காரிக்கு, இறுக்கினால் எதுவும் சரியாகிவிடும். மரம் முனகியது. படகு நொண்டியது.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. மரத்தின் உச்சியிலிருந்து வரும் கயிற்றை அசையாமல் கட்டி, நுனியை வல விளிம்புக்கு இழுத்து, தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டேன். அதையே இடப்பக்கம் இழுத்தால் விளிம்புக்கு நாலு விரல் எட்டவில்லை. மரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். எப்போதோ வலப்பக்கப் பலகையை மாற்றியவர்கள் தகட்டைச் சற்றுக் கீழே அடித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். ஒரே ஓட்டை என்றாலும் வலக் கம்பிதான் கூடுதலாக இழுத்தது.

வலப்பக்கம் ஒரு ஓட்டை தளர்த்தி, இடப்பக்கம் ஒரு ஓட்டை இறுக்கினேன். முடிச்சை அவிழ்த்து மறுபடி அளந்து போட்டேன்; இப்போது அது இரு விளிம்பையும் தொட்டது. திரும்பிப் பார்த்தேன், சொல்ல ஆளில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, மரம் நேராயிடுச்சு.”

“எந்த மரம்டி? செரி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்” என்றேன். சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு, ஓட்டத்துக்கு முன், பயிற்சியாளர் தகட்டைத் தட்டினார். “ரெண்டு பக்கமும் ஓட்டை மாறிக் கெடக்குது பாரு. இதக்கூட பாக்க மாட்டியா?”

“தெரிஞ்சுதான் சார் போட்டேன்.”

“தெரிஞ்சா! அப்ப கொடி யாரு புடிக்கிறது?”

பையன்கள் சிரித்தார்கள். கொடியை நான் ஏற்கெனவே மணலில் நட்டிருந்தேன். இடுப்பளவு நீரில் படகைத் தள்ளி ஏறி, முதல் திருப்பத்தையே அது இதுவரை நொண்டிய பக்கமாக எடுத்தேன்.