கறிவேப்பிலை கிடைக்காத ஊர்

சுவிஸில் எங்கள் ஆட்கள் வீடு மாறுவதென்றால் முதலில் பார்ப்பது தமிழ்க் கடை எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைத்தான். என் மனைவியும் கைபேசி வரைபடத்தில் அதைத்தான் முதலில் தேடினாள். கடையைக் கண்டதும் அதிலிருந்து விரலை இழுத்துக்கொண்டு தூரத் தூரப் போனாள். நொஷாட்டல் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இஞ்சையிருந்து கறிவேப்பிலை வாங்க ரெண்டு பஸ் மாற வேணும்," என்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு அவள் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

எங்களுக்கு ஒரே மகன். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அதற்குமேல் எழுத எனக்கு வராது. அதன் பிறகு, நாங்கள் இருக்கிற லாங்கன்தாலில் அவளுக்கு வெளியே போவது ஒரு தண்டனை ஆகிவிட்டது. எங்கள் சனம் கெட்ட சனம் இல்லை. பஸ்ஸுக்கு நின்றாலும் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு சொல்வார்கள்: "கேக்கக் கூடாது, எண்டாலும் கேக்கிறன்."

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்ல. ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். தொழிற்சாலையில் யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவேன். இவளும் மகனும் சிரிப்பார்கள். இந்தக் "கேக்கக் கூடாது" கூட ஒரு காலத்தில் நான் ரசித்த வசனம்தான். கதவைத் தட்டிவிட்டு, திறக்க முதலே உள்ளே வந்து நிற்கிற வசனம் என்பேன்.

இலையுதிர்கால லீவில் ஒரு வாரம், சுற்றுலாப் போகிறவர்கள் மாதிரிப் போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவது, பிடித்தால் அங்கேயே போய்விடுவது என்று முடிவெடுத்தோம். சமைக்கக் குசினியோடு ஓர் அறை பிடித்தாயிற்று. முதியோர் இல்லச் சமையல்கட்டில் அவளுக்கு லீவு கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. கட்டடத்தின் கீழே எல்லாரும் முறைவைத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் அந்த வாரம் எங்களுக்கு உரிய நாளை மேல்மாடி சுவிஸ் மனுசிக்கு விட்டுக்கொடுத்தாள். அங்கே போய் என்ன செய்வது என்பதையும் அவளே சொன்னாள். காலையில் வேலைக்குப் போகிற சனத்தோடு பஸ்ஸில் ஏறி, எங்கட முகம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெருத்தெருவாக நடந்து தபால்பெட்டிகளில் உள்ள பெயர்களை வாசிக்க வேண்டும்.

"எங்கட நீட்டுப் பேர் ஒண்டு கிடந்தால் அந்த ஒழுங்கையே வேண்டாம்," என்றாள்.

"அங்கை பிரெஞ்செல்லே. எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாதேயப்பா."

"தெரியாட்டி நல்லம். ஆர் என்ன கேட்டாலும் எனக்கு விளங்காது."

இவ்வளவு யோசித்தவளுக்கு ஒரு விஷயத்தை மட்டும் விட முடியவில்லை. வீடு பார்க்கப் போவதென்றால் நாள் பார்க்க வேண்டும். "ஐயர் ஒருத்தர்தானே, அவர் ஆருக்குச் சொல்லப் போறார்?" என்றாள். சனம் வராத கிழமையாகப் பார்த்து திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் சனத்தின் கோயிலுக்குப் போனோம்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "என்ன அலுவலுக்கம்மா?"

"வீடு பாக்க, ஐயா."

"எந்தப் பக்கம்?"

அவள் தயங்கினாள். சூலம் பார்க்கத் திசை வேண்டும். திசையைச் சொல்லாமல் நாள் கேட்க முடியாது. "மேற்கை. நொஷாட்டல்," என்றாள், மெல்லத்தான்.

"வெள்ளியும் ஞாயிறும் மேற்கை சூலம். திங்கள் காலமை வெளிக்கிடுங்கோ."

எங்களுக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெண் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "நொஷாட்டலோ அக்கா? என்ர தங்கச்சி அங்கைதானே இருக்கிறாள்!"

மனைவியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. வாகனத்தில் ஏறிய பிறகுதான் விட்டாள்.

அடுத்த நாள் மாலை, யாரிடமோ எங்கள் எண்ணை வாங்கி, அந்தத் தங்கச்சி அழைத்தாள். மனைவி ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்ததால் கைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டேன்.

"அக்கா, எங்கை தங்கப் போறியள்? அறையோ? நாங்கள் இஞ்சை இருக்க உங்களுக்கு அறையோ? நல்ல கதை! எங்கட வீட்டிலதான் நிக்கிறியள். செவ்வாய் என்ர மூத்தவளுக்குப் பிறந்தநாள், எங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம். எல்லாருக்கும் உங்களைச் சொல்லிப்போட்டன்."

"ஓம் தங்கச்சி," என்றாள் இவள்.

அந்தக் குரல் தணிந்தது. "அக்கா... கேக்கக் கூடாது, எண்டாலும் கேக்கிறன்..."

மாக் கையோடு நின்று முழுவதையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள். அழைப்பு முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தாள். மலைகளைத் தாண்டி இத்தாலியன் கதைக்கிற பக்கம் போனாள். தமிழ்க் கடை என்று தேடினாள்.

"அங்கையும் இருக்கு."

இன்னும் கீழே இழுத்தாள். எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். "அங்கையும்."

"அதை விடப்பா. நொஷாட்டலுக்கே போய்ப் பாப்பம். ஏரி இருக்கெல்லே," என்றேன்.

"ஏரி ஒண்டும் கேக்காது. கரையில நிக்கிறவை கேப்பினம்."

அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். லீவை மட்டும் மாற்ற முடியவில்லை.

திங்கள் காலை நான் எழுந்து வந்தபோது அவள் குளித்து, நல்ல சேலை உடுத்து, குசினி மேசையடியில் இருந்தாள்.

"எங்கை போறாய்?"

"ஓரிடமும் இல்லை. நாள் பாத்தாச்சு. சும்மா விடக் கூடாதெண்டு."

அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். கீழே தோய்க்கும் அறையில் மேல்மாடி மனுசி எங்கள் நாளில் தன் உடுப்புகளைப் போட்டிருந்தாள். இயந்திரம் சுற்றுகிற சத்தம் தரையில் அதிர்ந்தது. கடைசி நாள் காலையில் மகன் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது நான் வேலையில். இவள்தான் வாசலில் நின்றவள். அவன் ஏதும் சொன்னானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்தத் திங்கள் காலை அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை எந்த வசனத்தில் தொடங்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று மட்டும் கேட்டேன்.